ஏரிக்கரையில் கூப்பிட்ட பெயர்

கல்கத்தா, டாக்குரியா
2 டிசம்பர் 1993

துர்க்கை துணை

ஜிம்லி மா,

நூறாண்டு இரு. உன் ஹாபுல் மாமா நலம். சாதாரண நலம் என்று நினைத்துவிடாதே. இருதய டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு இருதயத்தைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். பாராட்டிச் சொன்னாரா, பயந்துபோய்ச் சொன்னாரா என்று உன் மாமி கேட்கிறாள். அவளுக்கு எதிலும் சந்தேகம். தினமும் காலையில் நடக்க வேண்டும் என்று உத்தரவு. நான் அவரிடம் சொன்னேன்: ஐயா, முப்பது வருஷம் டிராமுக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தே டிக்கெட் கிழித்தவன் நான். அந்த நடையை எல்லாம் நீட்டி வைத்தால் தில்லிக்குப் போய்த் திரும்பி வந்திருப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படித்தான் நான் ஏரிப் பூங்காவைக் கண்டுபிடித்தேன். வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் இருக்கிற இடத்தை என்ன கண்டுபிடிப்பது என்று கேட்பாய். டிராமில் போகும்போது அந்த மரங்களின் உச்சியைத் தினமும் பார்த்தவன்தான். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. காதலர்களும் பென்ஷன்காரர்களும் போகிற இடம், நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது எனக்கே பென்ஷன்.

மா, உள்ளே ஒரு ராஜ்ஜியம் நடக்கிறது. நடுத்தீவு முழுக்க நீர்க்காகங்கள், மந்திரி சபை மாதிரி. நான் நுழைந்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கையை விரித்து நின்றன. அது மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஈரம் காயவைக்கின்றன என்று பொல்ட்டுதா சொல்கிறார். பொல்ட்டுதா யார் என்றால், தெற்கு வாசல் வழியாக வருகிறவர். வயதில் எனக்கு மூத்தவர், அதனால் ‘தா’ போட்டு அண்ணனாக்கிக்கொண்டேன். கழுத்தில் தூரக்கண்ணாடி, தலையில் பச்சைக் குரங்குக் குல்லா. முதல் நாளே என்னிடம் வந்து, “சத்தமா மூச்சு விடாதீங்க, மீன்கொத்தி பயப்படுது” என்றார். அன்றிலிருந்து நாங்கள் உயிர்ச் சிநேகிதர்கள். நடைக்காரர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கப் பேச்சு நடக்கிறது. சங்கம் இன்னும் தொடங்கவில்லை.

உன் புருஷன் திபேன் எனக்கு எழுதியிருந்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். பூஜை முடிந்து குழந்தை போனதிலிருந்து நீ வாசல் கேட்டைத் தாண்டவில்லையாம். தட்டை வைத்தால் சாப்பிடுகிறாயாம், விளக்கை அணைத்தால் படுக்கிறாயாம். ஸ்வெட்டர் போடு என்றால் போடுகிறாயாம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ ஒரு வாரம் இங்கே வந்து என்னோடு ஏரியைச் சுற்று. மாமி பட்டாணிக் கச்சோரி செய்வாள். ரயிலுக்கு நான் வந்து நிற்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்குத் தெரிந்தவர் மாதிரிதான்.

ஆசிகளுடன்,
உன் மாமா


ஜல்பாய்குரி
14 டிசம்பர் 1993

மாமாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் வந்தது. திபேன் உங்களுக்கு எழுதியது தெரியும். அவர் எழுதும்போது நான் அதே அறையில்தான் இருந்தேன்.

இங்கே குளிர். சில நாட்களில் மலை தெரிகிறது. மாமியார் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த சின்ன விரிப்புகளை எல்லாம் துவைத்து, மடித்து, மேல் அலமாரியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக மடிக்கிறார்.

நான் அழவில்லை. எல்லோருக்கும் அதுதான் கவலை. வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நேற்று ஜன்னல் கம்பியில் ஒற்றை மைனா உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் ஒன்றைப் பார்த்துவிட்டால் கெட்டது நடக்கும் என்று, இரண்டாவதைத் தேடித் தெருவரை ஓடுவேன். நேற்று தேடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்த மாதம் சோறூட்டு நடந்திருக்க வேண்டும். எனக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் மாமன் முறைக்கு நீங்கள்தான் அவளை மடியில் வைத்துப் பாயசம் ஊட்டுவதாக இருந்தது. அவளுடைய ஏட்டுப் பெயரை அன்றுதான் சொல்வேன் என்றீர்கள். வங்காளத்தில் ஒருத்திக்கும் இல்லாத பெயர் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். என்ன பெயர் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நகராட்சிச் சீட்டில் ‘பெண் குழந்தை’ என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் சீட்டில் ஏறாதாம். அவள் இருந்தாள் என்று எழுதிவைக்க ஒரு பெயர் வேண்டும். நீங்கள் வைத்திருந்த பெயர் என்ன?

ஜிம்லி


கல்கத்தா
22 டிசம்பர் 1993

துர்க்கை துணை

ஜிம்லி மா,

உன் கடிதத்தின் தலையில் அம்மன் பெயர் போட மறந்துவிட்டாய். பரவாயில்லை, இரண்டு பேருக்குமாக நான் இன்னொரு தடவை போடுகிறேன். துர்க்கை துணை.

முதலில் ஏரிச் செய்தி. நேற்று மீன்கொத்தி ஒன்று என் கண்முன்னே தலைகுப்புறப் பாய்ந்தது. வெளியே வரும்போது அலகில் ஒரு முழு இலிஷ் மீன். கிலோவுக்குக் குறையாது. மறுகரையில் நின்ற பெங்காலிகள் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள். தீவு நீர்க்காகங்களில் ஒன்று, துணிந்த பயல், எங்களோடு நடக்கிற கோண்ட்டுதாவின் குரங்குக் குல்லாவைப் பறித்துக்கொண்டு போய் அதில் முட்டையிட்டிருக்கிறது. கோண்ட்டுதா இப்போது மனைவியின் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். சைபீரியாவிலிருந்து வாத்துகள் வந்திறங்கியிருக்கின்றன. அவை பேசுவது சுத்தமான ருஷ்யன். எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

இங்கே எல்லோருக்கும் வீட்டுப் பெயர்தான். பொல்ட்டுதா, கோண்ட்டுதா, புடியா அக்கா. அறுபது வயது ஆட்களை அம்மா கூப்பிட்ட பெயரால் கூப்பிட்டுக்கொண்டு சுற்றுகிறோம். யார் என்ன உத்தியோகம் பார்த்தார், வீடு எங்கே, ஒன்றும் கேட்பதில்லை. நானும் ஹாபுல்தான். சம்பளப் பட்டியலில் பிரமதநாத் என்று ஒருவன் இருந்தான், அவனை டிப்போவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பொல்ட்டுதா படித்த மனிதர், ஆனால் மைனா விஷயத்தில் உன்னைப் போலத்தான். ஒற்றை மைனா குறுக்கே வந்தால் அப்படியே நின்றுவிடுவார். இரண்டாவது வரும்வரை ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். நானும் கூடவே நிற்க வேண்டும். “விஞ்ஞானம் படிச்சவரு இப்படி நிக்கலாமாண்ணா?” என்று கேட்டேன். “விஞ்ஞானத்துக்கு என்ன அவசரம், ஹாபுல்? நில்லு” என்றார். வந்தது. எப்போதும் வந்துவிடுகிறது. மைனா தனியாகச் சுற்றும் பிராணி இல்லையாம். காத்திருக்கத்தான் ஆட்கள் இல்லையாம்.

பெயரைக் கேட்டிருந்தாய். அந்த மாதிரிப் பெயரை இன்லண்ட் கடிதத்தில் எழுத முடியுமா? ஹவுராவிலிருந்து ஜல்பாய்குரிவரை தபால்காரன் ஒவ்வொருவனும் படித்துவிட்டுத் தன் மகளுக்கு வைத்துவிடுவான். பெயர் காதில் சொல்ல வேண்டியது. நீ இங்கே வா. ஏரிக்கரையில் இரண்டு சுற்று நட. மூன்றாவது சுற்றில் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் மாமா

மாமியின் ஆசிகளும். அவள் ஸ்வெட்டர் பின்னுகிறாள். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.


ஜல்பாய்குரி
5 ஜனவரி 1994

மாமாவுக்கு நமஸ்காரம்.

இலிஷ் ஏரியில் வாழாது. அது கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் மீன். மீன்கொத்தியின் எடையே ஒரு வெல்லக்கட்டி அளவுதான், கிலோ மீனை அதனால் தூக்க முடியாது. நீர்க்காகம் குல்லாவில் முட்டையிடாது, அதுவும் மார்கழிக் குளிரில் இடாது. கல்லூரியில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பொய் சொல்வதானாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லுங்கள்.

என்னால் வர முடியாது. ரயிலில் மற்றவர்களுடைய குழந்தைகள் இருக்கும். அவர்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று திபேன் பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. பார்த்தும் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருப்பேனோ என்றுதான் பயம்.

பகலில் என்ன செய்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜன்னல் பக்கம் நாற்காலி இருக்கிறது. வெயில் தரையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. பிறகு விளக்கேற்றுகிறார்கள். நேற்று கை சுட்டுக்கொண்டேன். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

காதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. பெயரை எழுதி அனுப்புங்கள். தபால்காரர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

ஜிம்லி


கல்கத்தா
17 ஜனவரி 1994

துர்க்கை துணை

ஜிம்லி மா,

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “திட்டறா” என்றாள். பிறகு, “இன்னும் நாலு பொய் எழுதுங்க” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பொய் சொல்லாதே என்று சொன்ன பெண்பிள்ளை. காலம் எப்படி மாறிவிட்டது பார்.

ஆனால் இன்று நான் சொல்வது என் சரக்கு இல்லை, பொல்ட்டுதாவின் சரக்கு. எனக்கே இது நம்பமுடியாததாக இருக்கிறது. ஏரியின் கிழக்கு மூலையில் அல்லி படர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. அதில் தாமரைக் கோழி நடக்கிறது. விரல்கள் குடைக்கம்பி மாதிரி நீளம், இலை முங்குவதில்லை. இதுவரை நம்பலாம். முட்டை போட்டதும் அம்மாக்காரி போய்விடுவாளாம். அப்பன்தான் அடைகாப்பானாம். மழைக்காலத்தில் குஞ்சு பொரிந்து, ஆபத்து என்று ஒரு சத்தம் கேட்டால் குஞ்சுகளை இரண்டு இறக்கைக்கும் கீழே இடுக்கிக்கொண்டு ஓடுவானாம். வெளியே குஞ்சுகளின் கால்கள் மட்டும் தொங்குமாம். “அண்ணா, நான் டிராமிலேயே இதைவிட நல்ல கதை கேட்டிருக்கேன்” என்றேன். அவர் கோபித்துக்கொண்டு தூரக்கண்ணாடியை என் கையில் தர மறுத்துவிட்டார். மறுநாள் தந்தார். நீயே சொல், இது நடக்கிற காரியமா?

உன்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதிகமாக ஒன்றும் இல்லை. அக்காவின் மகள், வடக்கே இருக்கிறாள், விலங்கியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவது என்று மட்டும். முதலாவது இல்லை என்று நீ எழுதுவாய். எழுது.

அந்தப் பெயரைப் பற்றி நீ அவசரப்படுகிறாய். அது பெரிய பெயர், நிதானமாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் குளிர் குறைந்துவிடும். வா, மா. வாசல் கேட்டுவரை முதலில் வந்து பார். நான் ஒரு காலத்தில் கேட்டுவரைகூட நடக்காதவன்.

ஆசிகளுடன்,
உன் மாமா


ஜல்பாய்குரி
2 பிப்ரவரி 1994

மாமாவுக்கு.

தாமரைக் கோழியைப் பற்றிப் பொல்ட்டுதா சொன்னது உண்மை. உங்கள் கடிதங்களில் உண்மை என்று அது ஒன்றுதான் இருந்தது, அதை நீங்கள் நம்பவில்லை.

சின்னக் குழந்தைகளை எரிக்கமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். திபேன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் போனார். பெண்கள் வரக்கூடாது என்றார்கள், நான் நின்றுவிட்டேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அவருடைய இடது கை அப்படியே மடங்கி இருந்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள். அந்தக் கையை நீட்டாமல் வலது கையால் வாங்கிக்கொண்டார். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

உங்களிடம் பெயர் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம். பறவைகளைப் பற்றியும் எழுத வேண்டாம்.

ஜிம்லி


கல்கத்தா
9 மார்ச் 1994

ஜிம்லி,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். ஒரு மாதம் எழுதாமல்தான் இருந்தேன். இதையும் அனுப்புவேனா என்று தெரியவில்லை. மாமி, அனுப்புங்கள் என்கிறாள்.

பொல்ட்டுதா ஏரிக்கு வரவில்லை. முதல் நாள் ஜலதோஷம் என்று நினைத்தேன். அப்புறம் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு மகள் உண்டா என்றே எனக்குத் தெரியாது. கோண்ட்டுதாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. புடியா அக்காவுக்கும் தெரியவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளி பெயர் என்ன என்று கேட்டார்கள். பொல்ட்டு என்றேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, “தாத்தா, முழுப் பேர் சொல்லுங்க” என்றாள். குளிர்காலம் முழுக்க அவர் பக்கத்தில் நடந்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

தெற்கு வாசலுக்கு எதிர்ச் சந்துகளில் விசாரித்தேன். பொல்ட்டு என்று கேட்டதும் ஒரு வீட்டிலிருந்து பால்பல் விழுந்த பையன் ஒருவன் வந்தான். இன்னொரு வீட்டில் இஸ்திரி போடுகிறவர். அடுத்த சந்தில் ஒரு வாசலில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே கேட்க எனக்கு மனசில்லை, தாண்டிப் போனேன். போகும்போது உள்ளே பார்த்தேன். சுவரில் ஆணியில் தூரக்கண்ணாடி தொங்கியது.

மொட்டையடித்த மகன் வந்து, நீங்கள் யார் என்றான். ஏரியில் கூட நடக்கிறவன், ஹாபுல் என்றேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“நீங்கதானா? உங்களுக்கு எப்படிச் சொல்லி அனுப்பறதுன்னு தெரியல, சித்தப்பா. அப்பா தினமும் ஹாபுல் ஹாபுல்னுதான் சொல்வாரு. டிராம்ல இருந்தவர்னு டிப்போவுக்கு ஆள் அனுப்பினோம். அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை பார்த்ததில்லைன்னுட்டாங்க.”

நான் டிப்போவிலேயே விட்டுவிட்டு வந்த பிரமதநாத்தை அவர்களுக்குத் தெரியாது.

உட்காரவைத்தார்கள். அன்று கருமாதிச் சடங்கு. புரோகிதர், ஜகதிந்திர நாராயண் ராய்சவுதுரி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெயரை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஜிம்லி. பத்திரிகையில் இரங்கல் விளம்பரத்தில் வந்திருந்தது. படம் இளம் வயதுப் படம், நிறைய முடி. டீக்கடையில் கோண்ட்டுதாவுக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, இந்தப் பெயரை ஏற்ற ஒரு டிராம் பத்தாது, பின்னால் ஒரு பெட்டி கோக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதே பத்திரிகையில் சமோசா வைத்துத் தின்றுவிட்டு, பொல்ட்டுதா இன்றும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சடங்கில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புரோகிதர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். படத்தில் இருந்தவரை எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். எழுந்துபோகலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது உள்ளேயிருந்து அவருடைய அக்கா, மிகவும் வயதான அம்மாள், யாரிடமோ, “பொல்ட்டுவோட நடைச் செருப்பு வாசல்ல கெடக்கு, மிதிபடுது, எடுத்து உள்ள வை” என்றார். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் ஏரிக்குப் போனேன். பாதையில் ஒற்றை மைனா. நான் நிற்கவில்லை, நடந்துவிட்டேன். தாமரைக் கோழிப் பக்கம் போகவில்லை.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்திலும் பதில் இல்லை.

மாமா


ஜல்பாய்குரி
27 மார்ச் 1994

மாமாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைத் திபேன் இரண்டு முறை படித்தார். நான் ஒரு முறை படித்தேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டி எழுதவில்லை என்று தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போனேன். ரிக்‌ஷா வேண்டாம் என்று நடந்தேன். உங்களிடம் கேட்டுப் பயனில்லை, நானே ஒரு பெயர் சொல்லிச் சீட்டில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் பெயர்களை யோசித்தேன். எல்லாம் அழகான பெயர்கள், எதற்கும் முகம் இல்லை. ஜன்னலில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார், உட்காருங்கள் என்றார்கள். பெஞ்சில் ஒருத்தி மடியில் குழந்தையோடு இருந்தாள். நான் எழுந்து பின்பக்கமாகப் போனேன். பின்னால் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதைத் தள்ளினால் பூங்கா.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கட்டடத்துக்குப் பின்னால் ஆறு இருக்கிறது என்று தெரியும், பூங்கா இருப்பது தெரியாது. உங்கள் ஏரி மாதிரி ராஜ்ஜியம் எல்லாம் இல்லை. செங்கல் பாதை, பாதி பெயர்ந்தது. ஒரு குட்டை, அதில் ஆகாயத்தாமரை. நடந்தேன். குக்குறுவான் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு மீன்கொத்தி இருந்தது, அதன் வாயில் இலிஷ் இல்லை. குட்டையின் ஓரத்தில் தாமரைக் கோழி இலைமேல் நடந்தது. தனியாக இருந்தது. குஞ்சுகளுக்கு இது காலம் இல்லை, மழை வர வேண்டும்.

சருகு கூட்டுகிற அம்மாள் ஒருத்தி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தாள். எந்த வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன். புள்ளைங்க உண்டா என்றாள்.

“ஒண்ணு. பொண்ணு” என்றேன்.

“பேரு என்ன?”

“துல்துல்.”

“எவ்வளவு பெருசு?”

“அஞ்சு மாசம்.”

“அப்ப இன்னும் சோறூட்டு ஆகலியா?”

“இல்ல.”

“ஆகட்டும், ஆகட்டும். பேரு நல்லா வாய்க்கு வருது. துல்துல்” என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்துபோனாள்.

அவள் கூட்டிக்கொண்டே குட்டையைச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னல்காரர் திரும்பி வந்தாரா என்று பார்க்கவில்லை. பொல்ட்டுதாவின் அக்கா அந்தப் பெரிய பெயரைச் சொல்லியிருந்தால் நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். சீட்டில் பெண் குழந்தை என்றே இருக்கட்டும். துல்துல் என்று முதலில் கூப்பிட்டது யார் என்று திபேனைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மாமியாருக்கும் நினைவில்லை. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அழுகை வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. கால் வலித்தது. வலிப்பது தெரிந்தது.

நேற்று திபேனும் பூங்காவுக்கு வந்தார். கேட்டுக்குள் போனதும் ஒற்றை மைனா. நான் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் படித்தது. நானும் திரும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது வர வெகு நேரம் ஆயிற்று.

பெயர் இனி வேண்டாம், மாமா. வைத்திருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியதும் மாமியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குட்டையில் குஞ்சுகள் வரும். பறவைகளைப் பற்றி எழுதலாம்.

ஜிம்லி


கல்கத்தா
16 ஏப்ரல் 1994

துர்க்கை துணை

ஜிம்லி மா,

வருஷப் பிறப்பு ஆசிகள் உனக்கும் திபேனுக்கும். மழைக்கு வருகிறோம். டிக்கெட் வாங்கப் போனால் கவுண்ட்டரில் எழுந்து நின்று கொடுப்பார்கள், நான் பழைய போக்குவரத்துக்காரன். மாமி அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவருவாள். சின்ன அளவில் தொடங்கியதைப் பிரித்துவிட்டுப் பெரிதாகப் பின்னியிருக்கிறாள். உனக்குத்தான். ஆடி மழையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதே, நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் குட்டையில் மீன்கொத்திக்கு இலிஷ் கிடைக்காதது வருத்தம். இங்கே நேற்று இரண்டு.

இன்னொன்று. நேற்று புது வருஷம் என்று மாமியும் ஏரிக்கு வந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. புதுப் புடவை, அதனால் மெதுவாக நடந்தாள். பொல்ட்டுதா நிற்கிற இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அப்போது பின்னால் ஒரு பெண், “துல்துல், தண்ணி கிட்டப் போகாத” என்று கத்தினாள். நாலு வயது இருக்கும், சிவப்பு கவுன் போட்ட ஒன்று, கரையோரம் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டது அதன் காதில் விழவேயில்லை.

நானும் மாமியும்தான் திரும்பிப் பார்த்தோம்.

இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. கவுன் மட்டும் சிவப்பா என்று மாமியைக் கேட்டேன். மஞ்சள் என்கிறாள்.

உன் மாமா